40,000 வெள்ளியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். அம்மா போன மார்ச்சில் தவறிவிட்டார். ஒன்பது வருடம் அல்சைமர். கடைசி மூன்று வருடம் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை, "என்ன தங்கச்சி?" என்றே பதில் சொல்லிவந்தேன். அம்மா பெயரில் இருந்த அமானா சஹாம் முதலீட்டுப் பணமும் நகை விற்றதும் சேர்ந்து 40,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. அதை இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி மகன் அங்குள்ள ஓர் ஆராய்ச்சி நிதியின் விவரம் அனுப்பினான். தம்பியோ, "கோடி கோடியாகக் கொட்டியும் நூறு வருடமாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பேசாமல் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அன்னதானம் போடு" என்கிறான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு 15,000 கட்டினால் குடும்பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையில் முன்னுரிமை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று. அம்மாவுக்கு நடந்ததையெல்லாம் நான்கு பள்ளி நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொள்வதா, எரித்துவிடுவதா?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

"என்ன தங்கச்சி?" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு படித்தேன். நோயாளி சொல்வதைத் திருத்த வேண்டாம், அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த வாட்ஸ்அப் ஆளை முடித்துவிடுவோம். பிளாக் பண்ணிவிடுங்கள். முறையான மருத்துவ ஆராய்ச்சியில் சேருகிறவர் காசு கட்டுவதில்லை. வந்துபோகும் செலவைக்கூடப் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களே கொடுப்பார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதல் வேண்டும்: சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் அமைச்சின் குழு, பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்தக் குழு. அந்த ஒப்புதல் கடிதத்தைக் காட்டுங்கள் என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள், மறுபக்கம் சத்தமே இருக்காது. ஸ்டெம் செல் ஊசியால் அல்சைமர் குணமாகிறது என்று எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை.

இனி உங்கள் தம்பி. அவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பாதி சரியாகத்தான் சொல்கிறார்.

நோய்க்குப் பெயர் வந்த கதை 1901இல் தொடங்குகிறது. பிராங்க்பர்ட்டில் ஒரு மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்துவந்தார்கள். கணவர் மேல் வீண் சந்தேகம், மறதி, சொன்னதையே திரும்பச் சொல்வது. அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் வரிவரியாக எழுதிவைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்ததும் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே நூல்சிக்கல்கள். அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அதைச் சொன்னார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு 70 வருடம் ஏறக்குறைய தூக்கம்தான். ஐம்பது வயதுக்காரருக்கு வந்தால் அல்சைமர், எழுபது எண்பதில் வந்தால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று மருத்துவர்களே பிரித்து வைத்திருந்தார்கள். வயதானால் வருவது என்று முடிவு கட்டிவிட்ட ஒன்றுக்கு எந்த அரசாங்கம் பணம் கொடுக்கும்? 1976இல்தான் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், இரண்டும் ஒரே நோய், ஆட்களைக் கொல்லும் பெரிய நோய்களில் இதுவும் ஒன்று என்று எழுதினார். படிவுகளில் இருக்கும் அமிலாய்டு புரதத்தைப் பிரித்தெடுத்தது 1984இல். இந்த நோய்க்கென்று தேசியத் திட்டம் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 2011இல். அப்போது அவர்களுடைய தேசியச் சுகாதார நிறுவனம் இதற்கு ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவில் செலவழித்துக்கொண்டிருந்தது. இன்று 350 கோடிக்கும் மேல். ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள்: நூறு வருடம் தேடியது உண்மை இல்லை, கொட்டிக்கொடுத்துத் தேட ஆரம்பித்து ஏறக்குறைய பதினைந்து வருடம்தான் ஆகிறது.

அவர் சொல்வதில் சரியான பாதி எது என்றால், கொட்டிய பணத்தில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீர் மாதிரிதான் போயிற்று. 2002 முதல் 2012 வரை உலகம் முழுக்க நடந்த சோதனைகளை ஒரு குழு எண்ணிப் பார்த்தது. சோதித்த மருந்துப்பொருட்கள் 244. விற்பனைக்கு வந்தது ஒன்று. போதாக்குறைக்கு, அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம்தான் மறதிக்குக் காரணம் என்று 2006இல் வந்து பலரும் மேற்கோள் காட்டிய ஒரு கட்டுரையில், படங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்து 2024இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். மொத்தத் துறையும் அந்த ஒரு கட்டுரை மேல் நின்றது என்று சிலர் எழுதினார்கள், அது மிகை. ஆனாலும் எத்தனையோ இளம் ஆய்வாளர்களின் உழைப்பை அது தின்றிருக்கிறது. (தம்பிக்கு இந்தப் பத்தியைக் காட்டாதீர்கள், துள்ளிக் குதிப்பார்.)

அப்புறம் 2023இல் லெக்கனமாப் வந்தது, 2024இல் டோனனமாப். அமிலாய்டை மூளையிலிருந்து துடைத்தெடுக்கும் ஊசிகள். லெக்கனமாப் சோதனையில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் ஏறக்குறைய 1,800 பேர் 18 மாதம் இருந்தார்கள். நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் எவ்வளவு முற்றியது என்று அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. மகள் பெயர் திரும்பி வருவதில்லை, போவது கொஞ்சம் தள்ளிப்போகிறது. சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு கசிவும் வரும், அதனால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர், நம் காசில் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல். அம்மாவின் பணம் முழுவதையும் போட்டாலும் ஐந்து மாத மருந்துக்குக் காணாது. ஆனாலும் இதை நான் அலட்சியமாகச் சொல்லமாட்டேன். நோயின் போக்கையே மாற்ற முடியும் என்று காட்டிய முதல் மருந்துகள் இவை. காசநோய்க்கும் முதல் மருந்து தனியாக நிற்கவில்லை, கூட இரண்டு மருந்து சேர்ந்த பிறகுதான் வேலை செய்தது.

ஆக, மருந்து தேடும் ஆராய்ச்சி வீண் இல்லை. உங்கள் 40,000 அங்கே போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம், நீங்கள் டீச்சர், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 350 கோடி டாலர் என்றால் நிமிடத்துக்கு 6,600 டாலருக்கு மேல். உங்களுடையது இன்றைய மாற்றில் 9,000, 10,000 டாலர் வரும். அமெரிக்க அரசாங்கம் ஒன்றரை நிமிடத்தில் செலவழிக்கும் தொகை. இதில் மருந்து நிறுவனங்கள் போடுவதைச் சேர்க்கவே இல்லை. தம்பி மகன் அனுப்பிய நிதி நல்ல நிதியாகவே இருக்கட்டும், அந்தக் கடலில் உங்கள் குடம் எங்கே விழுந்தது என்று யாராலும் காட்ட முடியாது.

காசு இல்லாமல் வறண்டு கிடக்கும் இடம் வேறே இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மறதிக்காக என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சோதனை வைப்போம். உலகம் முழுக்கப் பயன்படுவது 1975இல் அமெரிக்காவில் உருவானது, 30 மதிப்பெண். 24க்குக் கீழே போனால் சந்தேகம். ஆரம்பக் கேள்விகளில் ஒன்று, "இப்போது என்ன பருவகாலம்?" வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலிக் பூலாவிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் ஒரு ஜூன் மாதம் இதைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டுரியான் சீசன் டாக்டர். ஊருக்கே வாசம் அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?" மதிப்பெண் தாளில் டுரியானுக்கு இடமில்லை. நான் ஒரு மதிப்பெண் போட்டேன். பக்கத்து அறையில் என் சக மருத்துவர் போட்டிருக்கமாட்டார். இருவரில் யார் செய்தது சரி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் ஆராய்ச்சி வேண்டும்.

இன்னும் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வோம், 5 மதிப்பெண். ஒரு வரியைப் படித்து அதன்படி செய்யச் சொல்வோம், 1. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்வோம், 1. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வோம், 1. பள்ளிக்கூடம் போகாத ஒருவருக்கு இந்த எட்டும் போய்விடலாம். மிச்சம் அத்தனையும் சரியாகச் சொன்னாலும் அவருக்கு 22. அதாவது மூளையில் ஒரு குறையும் இல்லாத ஒரு தோட்டத்துப் பாட்டி, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரே காரணத்தால் நோயாளி ஆகிவிடுவார். உங்களை மாதிரி படித்தவர்களுக்கு இதன் மறுபக்கம்: நோய் உள்ளே ஆரம்பித்த பிறகும் 28 வாங்கிக்கொண்டு "நார்மல்" என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

பால்மரம் வெட்டிய கைகள் பென்சில் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவும் அப்படித்தானோ என்னவோ, நீங்கள் எழுதவில்லை. நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே வெட்டுக்கத்தியைப் போல இறுக்கிப் பிடிப்பார்கள். தாளில் முதல் கோடு கிழியும். அப்புறம் பென்சிலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு எங்கேய்யா" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குச் சோதனையில் பூஜ்யம்.

இதில் என் சொந்தப் பாவக்கணக்கும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறொரு மருத்துவமனை. எழுபது தாண்டிய ஓர் அம்மாவுக்கு 14 மதிப்பெண் போட்டு, கோப்பில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று எழுதி, மகனையும் உட்காரவைத்துப் பெரிய விளக்கம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து அதே அம்மா காதில் கருவியோடு வந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். போகும்போது, "அன்னைக்கு நீங்க வாய்க்குள்ளயே பேசினீங்க தம்பி, ஒண்ணும் கேக்கல" என்றார். அந்த இரண்டு வருடமும் வீட்டில் அவரை அடுப்புப் பக்கம் விடவில்லையாம், கையில் காசு கொடுக்கவில்லையாம். நான் எழுதிய ஒரு வார்த்தையால் வந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் நியாயமான சோதனை செய்ய முடியுமா? முடியும். தான்சானியாவின் கிராமப்புற முதியவர்களுக்காக ஒரு குழு உருவாக்கியது இருக்கிறது. பேனா வேண்டாம், தாள் வேண்டாம். நான்கு தீக்குச்சிகளை ஒரு மாதிரியாக அடுக்கிக் காட்டி, இதேபோல் செய்யுங்கள் என்பார்கள். 2018இல் நம் சுகாதார அமைச்சு நாடு தழுவிய ஆய்வில் முதியவர்களைக் கணக்கெடுத்தபோது இந்தச் சோதனையைத்தான் பயன்படுத்தியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று தெரியவந்தது அப்படித்தான். ஆப்பிரிக்கக் கிராமத்தில் சில்லறைக் காசில் நடந்த வேலை, மலேசியாவின் கணக்குக்கு உதவியது. பெரிய மருந்து நிறுவனம் எதுவும் இதற்குப் பணம் போடாது, தீக்குச்சியை யாரிடம் விற்பது?

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவுக்கு 10/66 என்று பெயர் வைத்தார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், மக்களிடையே செய்யும் ஆய்வில் 10 சதவீதத்துக்கும் குறைவுதான் அவர்களைப் பற்றியது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னையிலும் வேலூரிலும் தமிழர் வீடுகளுக்குப் போய்க் கணக்கெடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அங்கே சரியாக வந்த தமிழ்க் கேள்வித்தாள் இங்கே அப்படியே ஓடாது. நம் பாட்டிமார்கள் "பாசாருக்குப் போனேன்" என்பார்கள், சந்தை என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். பாதி வாழ்க்கை மலாயில், கொஞ்சம் சீனர்களின் ஹொக்கியனில், வீட்டில் தமிழில். ஒருவர் மறதியால் திணறுகிறாரா, மொழியால் திணறுகிறாரா என்று பிரிப்பது தனிக் கலை.

அதனால் என் யோசனை இது. 25,000 வெள்ளியை இந்த ஊர் ஆராய்ச்சிக்கு, அதுவும் ஒரே ஒரு வேலைக்கு என்று எழுதிக் கொடுங்கள். அந்த வேலை: தமிழ் பேசும் ஓர் ஆய்வு உதவியாளரின் சம்பளம். மாதம் 2,500 என்று வைத்தால் பத்து மாதம். ஒரு பிள்ளை பத்து மாதம் நிபோங் திபாலிலும் சுங்கை பாக்காப்பிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தால், நம் மக்களிடம் எந்தக் கேள்வி வேலை செய்கிறது, எது சிரிப்புக்கு இடமாகிறது என்று நூற்றுக்கணக்கான பேரிடம் பார்த்துவிடலாம். இது என் மனக்கணக்கு, பல்கலைக்கழகம் வேறு கணக்குச் சொல்லலாம், கேளுங்கள்.

யாரிடம் போவது? மலாயாப் பல்கலைக்கழகமும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மும் முதியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளை நடத்தியிருக்கின்றன. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம் இருக்கிறது. முதியோர் மருத்துவமோ மூளை ஆய்வோ செய்யும் பிரிவின் தலைவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதமே போதும், ஆஸ்திரேலியாவையும் தண்ணீர்மலையையும் எடுத்துவிட்டால். பதில் வந்தால் நேரில் போய்க் கேளுங்கள்: இந்தப் பணத்தில் யாருக்குச் சம்பளம், எத்தனை மாதம், கடைசியில் என் கையில் என்ன தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போங்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் போட வேண்டும், எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் அவர் சொந்தக் கணக்கில் போடக்கூடாது. எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தவணையாகக் கொடுங்கள், முதல் ஐந்து மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டாவது.

வரி விலக்குப் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அரசாங்க ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பெரும்பாலும் வரியே கிடையாது. வாடகை வருமானம் மாதிரி வேறு ஏதாவது இருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் இதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நிதிக்குக் கொடுத்தால் இங்கே கழிவு கிடைக்காது.

மீதி 15,000? இங்கே உங்கள் தம்பிக்கு நான் கொஞ்சம் இடம் விடுகிறேன். அன்னதானம் நல்லதுதான், தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் வரிசையில் நின்று நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அங்கே போட ஆயிரம் கைகள் இருக்கின்றன. 2019இல் மறதி நோய் உலகத்துக்கு வைத்த செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் பாதி, வீட்டார் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்வதன் மதிப்பு. பராமரிக்கும் மணிநேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. ஒன்பது வருடம் நீங்கள் அந்தக் கணக்கில் இருந்தீர்கள். அந்த ஒன்பது வருடத்தில் வாரம் ஒருநாள் யாராவது அம்மாவைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை பகல்நேரப் பராமரிப்பு நடத்துகிறது. நம் பக்கம் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு, இருப்பவையும் திணறுகின்றன. ஒன்றைத் தேடிப் பிடித்து, காசில்லாத ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வாரம் இரண்டு நாள் கட்டணம் கட்டுங்கள். தம்பியையே போய்ப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்குக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

எழுதாமல் விட்ட ஒரு கேள்வி உங்கள் கடிதத்தில் தெரிகிறது: நமக்கும் வருமா? வயதான பிறகு வரும் அல்சைமர், தாய்க்கு வந்தால் மகளுக்குக் கட்டாயம் என்பது இல்லை, மற்றவர்களைவிட வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக மரபணுவால் இறங்கும் வகை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் சொன்னது, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் 45 சதவீத நோயாளிகளுக்கு வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது, கண் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் மக்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், என் பழைய கதைக்காகவாவது.

பணத்தைவிட ஆராய்ச்சிக்குக் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு, ஆட்கள். நோய் வந்தவர்கள் மட்டும் போதாது, வராதவர்களும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் என்பவர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் போய் உதவி கேட்டார். 678 பேர் சம்மதித்தார்கள். வருடா வருடம் சோதனை, இறந்த பிறகு மூளையைத் தானம் செய்வது. பெரும்பாலும் உங்களைப் போல டீச்சர்கள். அவர்கள் மடத்தில் சேர்ந்தபோது, இருபது சொச்சம் வயதில், தங்களைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கட்டுரைகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. அறுபது வருடம் கழித்து அவற்றைப் படித்துப் பார்த்தால், பத்துச் சொல்லுக்குள் எத்தனை கருத்து அடுக்கினார்கள் என்பதற்கும் பிற்காலத்தில் யாருக்கு அல்சைமர் வந்தது என்பதற்கும் தொடர்பு தெரிந்தது. அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்தத் தாள்களை எரித்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு கிடையாது.

இப்போது உங்கள் நான்கு நோட்டு. எரிக்காதீர்கள். ஒரு தமிழ் அம்மாவுக்கு முதலில் எந்தச் சொல் போயிற்று, மலாய் எப்போது நின்றது, மகளை அக்கா என்று எந்த மாதம் அழைக்க ஆரம்பித்தார் என்று தேதியோடு எழுதிய பதிவு என் கிளினிக்கிலேயே ஒன்றுகூடக் கிடையாது. பக்கங்களுக்கு எண் போடுங்கள். தேதி விட்டுப்போன இடங்களில், தீபாவளிக்கு முன்பு, தங்கை கல்யாணத்துக்குப் பிறகு என்று ஞாபகம் இருக்கும்வரை பென்சிலில் குறியுங்கள், பழைய எழுத்தின் மேல் எழுதாமல் ஓரத்தில். வெளியார் பெயர்கள் வரும் பக்கங்களில் ஒரு காகிதத் துண்டு வையுங்கள், பிறகு மறைத்துக்கொள்ளலாம். யாருக்கும் மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போடும்போது, முதல் நோட்டின் முதல் மூன்று பக்கத்தை நகல் எடுத்து அதோடு இணைத்து அனுப்புங்கள்.